காலைக் குளிரில் கிளம்பாத வண்டி: ஒரு பழைய பைக், ஒரு விற்பனைக் கடை, இரண்டு பட்டறைகள்

கடந்த நவம்பர் மாதக் கடைசியில் சேலத்தில் உள்ள ஒரு பழைய வாகன விற்பனைக் கடையில் 100 சிசி பைக் ஒன்றை 31,000 ரூபாய்க்கு வாங்கினேன். 2013ஆம் ஆண்டு பதிவான வண்டி, ஆர்.சி. புத்தகத்தின்படி நான் மூன்றாவது உரிமையாளர். வாங்கிய மறுநாள் காலையிலேயே அது கிளம்ப மறுத்தது. அதைச் சரிசெய்ய எனக்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது. கடை, கடைக்காரர் அனுப்பிவைத்த பட்டறை, கடைசியில் பழுதைக் கண்டுபிடித்துக் கொடுத்த பட்டறை ஆகிய மூன்றையும் பற்றிய என் மதிப்பீடு இது. யார் பெயரையும் நான் எழுதவில்லை. வண்டியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் தவிர்க்கிறேன்; பத்தாண்டுக்கு மேல் ஓடிய வண்டியில் தேய்ந்துபோன ஓர் ஊசிக்குத் தயாரிப்பாளரைக் குறை சொல்வது நியாயமாகாது.

என் வீடு ஏற்காட்டில். காபித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பழம் பறிக்கும் காலமான டிசம்பர், ஜனவரி மாதங்களில், காலை ஏழு மணிக்குள் ஆள் கணக்கு எடுக்க நான் தோட்டத்தில் நின்றாக வேண்டும். அந்த நேரத்தில் வெளியே பனி விலகியிருக்காது. எனவே, காலையில் முதல் உதையில் இல்லாவிட்டாலும் ஐந்தாறு உதைக்குள் கிளம்புகிற வண்டி எனக்குத் தேவை. வேகமோ பளபளப்போ எனக்குப் பெரிதல்ல. இதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். அவரும் "தங்கமான வண்டி சார், ஒரே உதைதான்" என்றார். அவர் சொன்னபடியே கடை வாசலில் ஒரே உதையில் கிளம்பவும் செய்தது. ஆனால் நான் போய்ச் சேர்ந்தபோது, கடைப் பையன் அதில்தான் டீ வாங்கிக்கொண்டு அப்போது திரும்பியிருந்தான். சைலன்சர் சூடு ஆறவில்லை. சூடான எஞ்சின் எந்தக் குறையையும் மறைத்துவிடும் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. முதல் நாள் மாலை அவ்வளவையும் வண்டி முனகாமல் ஏறியது. டேங்கில் அப்போது இரண்டு லிட்டர் பெட்ரோல் இருந்திருந்தால் அதிகம். அதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு; பின்னால் சொல்கிறேன். வீட்டு வாசலில் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பெட்ரோல் டேப்பை மூடாமல் படுத்துவிட்டேன். இந்தக் காலத்தில் டேப்பை யார் மூடுகிறார்கள்?

மறுநாள் காலை ஆறரை மணிக்கு செல்ஃப் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் நன்றாகச் சுழன்றது, எஞ்சின் பிடிக்கவில்லை. சோக் போட்டுப் பார்த்தேன். கிக்கரை இருபது முறை உதைத்தேன். நடுவே காலை நிறுத்தி மூச்சு வாங்கியபோது பச்சைப் பெட்ரோலின் வாசனை மூக்கில் ஏறியது. அதை நான் கவனித்தும் பொருட்படுத்தவில்லை. கடைக்காரருக்கு அலைபேசியில் சொன்னேன். "மலையில குளிரு சார், சோக்கை முழுசாப் போட்டு அடிச்சுக்கிட்டே இருங்க" என்றார். இந்த ஆலோசனை எவ்வளவு தவறானது என்பது மூன்று வாரம் கழித்துத்தான் விளங்கியது. சோக் என்பது காற்றை மறித்துப் பெட்ரோலைக் கூட்டுகிற அமைப்பு. ஏற்கெனவே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் எஞ்சினுக்கு அதைப் போடுவது, நீரில் தத்தளிப்பவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதைப் போன்றது. செல்ஃபை அழுத்தி அழுத்தி, கடைசியில் அது 'டக் டக்' என்று ரிலே தட்டும் ஓசையை மட்டுமே எழுப்பியது. அன்று தோட்டத்துக்கு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போனேன்.

வெயில் ஏறிய பிறகு, பகல் பன்னிரண்டு மணி அளவில் நாலு உதையில் அதே வண்டி கிளம்பிவிட்டது. இதுதான் ஆளைக் குழப்புகிற இடம். வெயில்பட்டால் சரியாகிறது, ஆகவே குளிர்தான் காரணம் என்று நானும் நம்பிவிட்டேன்.

கடைக்காரர் ஒரு மாத உத்தரவாதம் கொடுத்திருந்தார். எஞ்சின் வேலைக்கு மட்டும் கூலி வாங்க மாட்டோம், உதிரிப்பாகங்களின் விலை என்னுடையது என்பது அதன் உள்ளடக்கம். வண்டியைச் சேலத்துக்கு இறக்கி, அவர் கைகாட்டிய பட்டறையில் விட்டேன். பெரிய பட்டறை, ஹைட்ராலிக் மேடை, காற்றழுத்த ஸ்பேனர், வரிசையாக நீலச் சீருடைப் பையன்கள் என்று பார்ப்பதற்கு நம்பிக்கை தருகிற இடம். என்னிடம் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "என்ன கம்ப்ளைண்ட்?" நான் சொன்னது: "காலையில ஸ்டார்ட் ஆகல." சீட்டில் 'ஸ்டார்ட்டிங் ட்ரபிள்' என்று எழுதி டேங்கின் மேல் ஒட்டிவிட்டார்கள். 'காலையில்' என்ற சொல் சீட்டுக்கு ஏறவில்லை.

மாலையில் பேட்டரி போய்விட்டது என்றும் பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி தரும் பிளக் கெட்டுவிட்டது என்றும் சொல்லி இரண்டையும் மாற்றியிருந்தார்கள். பேட்டரிக்கு 1,350 ரூபாய், பிளக்குக்கு 120 ரூபாய். எஞ்சினுக்குக் கூலி இல்லை என்ற உத்தரவாதத்தை மீறி, 'ஜெனரல் சர்வீஸ்' என்ற பெயரில் 600 ரூபாய். ஆகமொத்தம் 2,070. பழைய பேட்டரியைக் கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது என்றார்கள். அது உண்மையில் கெட்டிருந்ததா என்று இனி யாரும் சொல்ல முடியாது. இன்று யோசித்துப் பார்த்தால் அது கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு. முதல் நாள் காலையில் செல்ஃப் மோட்டார் தெம்பாகச் சுழன்றது. ஹாரன் உரக்கக் கேட்டது. கிளம்பாத வண்டியை நான் கால் மணி நேரம் செல்ஃபால் வதைத்ததில்தான் அது இறங்கியிருக்கிறது. நோயால் வந்த களைப்பையே நோய் என்று எண்ணி வைத்தியம் பார்த்துவிட்டார்கள். நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரியின் மின்னழுத்தம் 12.6 வோல்ட்டுக்கு அருகில் இருந்தால் அது முழுத் தெம்பில் இருக்கிறது. 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. எஞ்சின் ஓடும்போது சற்று ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். முந்நூறு ரூபாய் மல்டிமீட்டரை வைத்து ஒரே நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையை அவர்கள் செய்யவே இல்லை. காலி பேட்டரியைச் சார்ஜ் போட்டுத் திரும்பச் சோதித்தால்தான் அது செத்ததா களைத்ததா என்று தெரியும்.

புதுப் பிளக் இரண்டு காலைகளைச் சமாளித்தது. பொறி வலுவாக விழுந்தால் சற்று ஈரத்தையும் மீறி எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் காலை பழைய கதை.

இதற்கிடையில் இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஏறியபோது, பதின்மூன்றாவது வளைவைத் தாண்டி வண்டி திக்கித் திணறி நின்றது. உதைத்தால் கிளம்பவில்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று ஓர் ஓசை வந்தது. பெட்ரோல் கழுத்துவரை இருந்தது. மூடியை மூடிவிட்டு உதைத்தால் இரண்டாம் உதையில் கிளம்பியது. பத்தொன்பதாவது வளைவில் மீண்டும் நின்றது. மீண்டும் மூடியைத் திறந்து மூடியதும் கிளம்பியது. காலையில் ஒரு விதமாகவும் ஏற்றத்தில் வேறு விதமாகவும் மறுக்கிற வண்டியைப் பார்த்து, இதை வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

தோட்டத்து ஜீப் ஓட்டுநர் சொல்லி, ஏற்காட்டிலேயே ஒரு தகரக் கொட்டகைப் பட்டறைக்குப் போனேன். பெயர்ப்பலகை கிடையாது. அறுபதைத் தாண்டிய மெக்கானிக், உதவிக்கு ஒரு பையன், சுவரில் ஆணியில் மாட்டிய ஸ்பேனர்கள், ஒரு பழைய மண்ணெண்ணெய் டப்பா. வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அவர் என்னை ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார வைத்துக் கேட்க ஆரம்பித்தார்.

"ஸ்டார்ட் ஆகலைன்னு எல்லாருந்தான் சொல்லுவாங்க சார். எப்ப ஆகலைன்னு சொல்லுங்க."

எந்த நேரத்தில் நிறுத்தினேன், எத்தனை மணி நேரம் நின்றது, சைடு ஸ்டாண்டிலா நடு ஸ்டாண்டிலா, பகலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் எப்படி, பெட்ரோல் வாசனை வருகிறதா, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். பகலில் நிறுத்தி எடுத்தால் தொல்லை இல்லை, இரவு முழுக்க நின்றால்தான் தொல்லை என்பது அவர் கேட்டபோதுதான் எனக்கே புலப்பட்டது. பிறகு எழுந்து வந்து கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினார். பாதி வழியில் அது இறுகி நின்று எதிர்த்தது. "கம்ப்ரஷன் இருக்குது" என்றார்; சிலிண்டருக்குள் காற்று சரியாக அழுந்துகிறது என்று பொருள். பிளக்கைக் கழற்றினார், முனை கறுத்து, ஈரமாக மின்னியது. அதைத் துடைத்துக் காயவைத்து, வயர் முனையில் உள்ள பிளக் மூடியில் செருகி, பிளக் துவாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி எஞ்சினின் வெறும் உலோகத்தில் ஒட்ட வைத்துப் பையனை உதைக்கச் சொன்னார். நீலப் பொறி 'சட் சட்' என்று தெறித்தது. "கரண்டும் இருக்குது. அப்ப மிச்சம் என்ன, பெட்ரோலுந்தான்." துவாரத்துக்கு அருகில் பிளக்கை வைத்தால் வெளியே வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும் என்று பையனுக்கும் எனக்குமாகச் சேர்த்துச் சொன்னார். கம்ப்ரஷன், பொறி, பெட்ரோல் என்ற வரிசையில் பத்தே நிமிடத்தில் இரண்டைத் தள்ளிவிட்டார். பெரிய பட்டறையில் அன்று முழுக்க நின்ற வண்டிக்கு இந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை.

அதன் பிறகு அவர் செய்ததுதான் இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியது. எதையும் கழற்றாமல் என்னை வீட்டுக்கு அனுப்பினார். "ரெண்டு ராத்திரி டேப்பை மூடிட்டுப் படுங்க. மூணாம் ராத்திரி திறந்து விடுங்க. மூணு நாளும் காலையில எப்படி எடுக்குதுன்னு வந்து சொல்லுங்க." காசு வாங்கவில்லை.

டேப்பை மூடிய இரண்டு இரவுகளுக்குப் பிறகும், காலையில் திறந்து சற்றுக் காத்திருந்து, அரைச் சோக்கில் மூன்றாவது, நான்காவது உதையில் வண்டி கிளம்பியது. திறந்துவிட்ட மூன்றாம் இரவுக்குப் பின் காலையில் கிளம்பவில்லை, வாசனை வீசியது. காசு செலவில்லாத இந்தச் சோதனையை, கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டி வைத்திருக்கும் எவரும் பட்டறைக்குப் போவதற்கு முன்பு வீட்டிலேயே செய்து பார்க்கலாம். டேப்பை மூடினால் சரியாகிறது என்றால், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்த வேண்டிய ஊசி நிறுத்தவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம்.

அன்று மாலை என் கண்ணெதிரே கார்புரேட்டரைத் திறந்தார். அடியில் உள்ள கிண்ணத்தில் ஒரு மிதவை. பெட்ரோல் நிரம்ப நிரம்ப மிதவை எழுந்து, ஒரு சிறிய ஊசியை மேலே தள்ளி, பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். வீட்டு மாடித் தொட்டியில் பந்து வால்வு செய்யும் அதே வேலை. அந்த ஊசியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கோதுமை மணியை விடச் சற்றுப் பெரியது. கூம்பான அதன் முனையைச் சுற்றி, நகத்தால் கீறியது போல ஒரு மெல்லிய வளையம் பதிந்திருந்தது. விரல் நுனியால் வருடினால் அந்தப் பள்ளம் தட்டுப்பட்டது. இத்தனை ஆண்டுகளாக ஒரே இடத்தில் அழுந்தி அழுந்தி உண்டான தடம் அது. அந்தத் தடத்தின் வழியாக இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கசிந்த பெட்ரோலில் ஒரு பங்கு, வழியும் குழாய் வழியே தரையில் விழுந்திருக்கிறது. மறுபங்கு எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. என் வண்டியில் சிலிண்டர் முன்னோக்கிப் படுத்திருக்கும்; கார்புரேட்டர் அதற்கு மேலே இருக்கும். கசிவது உள்ளே இறங்க வசதியான அமைப்பு.

இன்னொன்றையும் அவர் காட்டினார். எஞ்சின் ஆயில் குச்சியை உருவி மோந்து பார்க்கச் சொன்னார். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தது. அளவும் மேல் கோட்டைத் தாண்டியிருந்தது. சிலிண்டருக்குள் இறங்கிய பெட்ரோல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலந்திருக்கிறது. நீர்த்துப்போன ஆயிலில் வண்டியை ஓட்டினால் தேயப்போவது பேரிங்குகளும் பிஸ்டனும். கிளம்பாதது வெறும் தொந்தரவு, இதுவோ செலவு. 'ஜெனரல் சர்வீஸ்' என்று 600 ரூபாய் வாங்கிய இடத்தில் இந்தக் குச்சியை யாரும் உருவிப் பார்க்கவில்லை என்பதுதான் அவர்கள்மீது எனக்குள்ள பெரிய வருத்தம். பேட்டரிப் பணம்கூட இரண்டாம்பட்சமே.

ஊசி, அது அமரும் இடம், ரப்பர் வளையங்கள் அடங்கிய ரிப்பேர் கிட் 280 ரூபாய். பெட்ரோல் போகும் நுண்துளைகள் கொண்ட ஜெட்டுகளைக் கம்பியால் குத்தாமல் காற்றடித்துச் சுத்தம் செய்தார். கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும். கிண்ணத்தின் அடியில் மங்கலான துளிகள் சில உருண்டோடின, தண்ணீர். பெட்ரோலில் இப்போது கலக்கப்படும் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. நாட்கணக்கில் ஓட்டாமல் பனியில் நிறுத்தும் பழைய வண்டிகளில் இதைக் கவனிக்க வேண்டும். பூட்டிய பிறகு கிண்ணத்தின் வடிகால் முனையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதைக் கார்புரேட்டர் ஓரமாக மேல்நோக்கிப் பிடித்து, வடிகால் திருகைத் தளர்த்தினார். குழாயில் பெட்ரோல் ஏறி ஓரிடத்தில் நின்றது. பேனாவால் கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது மட்டம் கோட்டிலேயே இருந்தது. "நின்னுருச்சு" என்றார்.

ஏற்றத்தில் வண்டி நின்றதற்குக் காரணம் டேங்க் மூடி. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடியில் ஒரு சிறு துளை உண்டு. என் மூடியில் அது துருவாலும் மெழுகுப் பாலிஷாலும் பாதி அடைபட்டிருந்தது. கடையில் விற்பனைக்காகப் பளபளப்பாக்கியபோது பூசிய மெழுகாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். அடைப்பு முழுதாக இல்லாததால், இரவில் சொட்டுச் சொட்டாகக் கசிய அது வழிவிட்டது. ஏற்றத்தில் எஞ்சின் கேட்கும் வேகத்துக்கு விடவில்லை. முதல் நாள் ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். டேங்க் காலியாக இருந்தால் உள்ளே காற்று நிறைய இருக்கும், அரை லிட்டர் இறங்கினால் தெரியாது. நிறைத்துவிட்டால் காற்றுக்கு இடமே இல்லை, கொஞ்சம் இறங்கினாலே உள்ளே வெற்றிடம் இழுக்கத் தொடங்கிவிடும் என்றார். போதாததற்கு, மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் காலி டேங்கில் அந்த இழுப்பு இன்னும் மறைந்துவிடும். இரண்டு லிட்டர் பெட்ரோலோடு ஏறிய முதல் மாலையை நான் அப்போதுதான் புரிந்துகொண்டேன். மெல்லிய கம்பியும் காற்றும் கொண்டு துளையைத் திறந்தார். இதற்குத் தனியாகக் காசில்லை.

மலைக்கென்று ஒரு வேலையும் பாக்கி இருந்தது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே குறைந்துவிடும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. ஏறக்குறைய சேலத்தில் கொடுத்த அளவுக்கே பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே மலையில் கலவை தடித்துப் போகும், பிளக் கறுக்கும், ஐடிலில் எஞ்சின் திக்கும். தூசியும் ஆயிலும் படிந்த ஏர் ஃபில்டர் இதை இன்னும் மோசமாக்கும். என் ஃபில்டர் அட்டை கருங்காப்பி நிறத்தில் இருந்தது. அதை மாற்றிவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கலவைத் திருகை அரைச்சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, காது கொடுத்துக் கேட்டு நிறுத்தினார். அடிக்கடி சேலம் இறங்குவீர்களா என்று கேட்டுவிட்டு, ஒரு மயிரிழை திரும்பத் தளர்த்தினார். சமவெளியில் டியூனிங் செய்த வண்டியை மலையில் வைத்திருப்பவர்கள், அதை மலையிலேயே ஒருமுறை சரிசெய்துகொள்வது நல்லது.

கிட் 280, ஃபில்டர் 160, ஆயில் 380, வெடித்துப்போன பெட்ரோல் குழாய்க்குப் பதில் புதியது 40, கூலி 400. மொத்தம் 1,260 ரூபாய். எஞ்சின் வால்வுகளின் டேப்பெட் இடைவெளியையும் எஞ்சின் ஆறியிருந்தபோதே பார்த்து, சரியாக இருக்கிறது, தொட வேண்டாம் என்று மூடிவிட்டார். தேவையில்லாததைத் தேவையில்லை என்று சொல்லும் மெக்கானிக்கை நான் அதிகம் பார்த்ததில்லை.

குறையே இல்லையா என்றால் உண்டு. ரசீது கொடுக்க மாட்டார். கேட்டால் சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதித் தருவார். காலை பத்து மணிக்கு முன்னால் கடை திறக்காது, அலைபேசியை எடுக்கவும் மாட்டார். கார்புரேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு பீடியைப் பற்றவைக்கப் போனார். நான் எழுந்து வெளியே போனதைப் பார்த்துச் சிரித்துவிட்டு அதைக் காதில் செருகிக்கொண்டார். பிளக் பொறியைப் பற்றி அவ்வளவு எச்சரிக்கையாகப் பேசிய மனிதர் இதில் இப்படி இருப்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

விற்பனைக் கடைக்கு வருகிறேன். காகித விஷயத்தில் அவர்கள்மீது குறை சொல்ல மாட்டேன். முந்தைய உரிமையாளரின் கையொப்பத்தோடு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டும் வாங்கிய அன்றே கையில் கொடுத்தார்கள். கடன் பாக்கி எதுவும் இல்லை என்பதை அரசின் வாகனத் தகவல் செயலியான எம்-பரிவாஹனில் என் எதிரிலேயே காட்டினார்கள். மூன்று வாரத்தில் ஆர்.சி. என் பெயருக்கு மாறிவந்தது. காப்பீடு நடப்பில் இருந்தது. பழைய வண்டி வியாபாரத்தில் இவ்வளவு ஒழுங்கு சாதாரணமாகக் கிடைப்பதில்லை. ஆனால் வண்டியின் நிலையைப் பற்றி அவர்கள் அளித்த வாக்கை நம்ப முடியாது. இந்தக் கசிவு ஒரே இரவில் வந்திருக்காது. அவர்கள் கடையில் இரவெல்லாம் நின்ற வண்டி அங்கேயும் காலையில் மறுத்துத்தான் இருக்கும். டீ வாங்க அதை அனுப்பியது தற்செயலா ஏற்பாடா என்று நான் வாதிக்க விரும்பவில்லை. அடுத்த முறை எந்தக் கடைக்குப் போனாலும், முந்தின நாளே சொல்லிவைத்து, கடை திறக்கும் நேரத்துக்குப் போய், முதலில் எஞ்சின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு மறுநாள் வருகிறேன் என்பேன். ஆயில் குச்சியை உருவி மோந்து பார்ப்பேன். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா என்று பார்ப்பேன். கார்புரேட்டர் வண்டியானால் அதன் அடியில் தரையில் ஈரத் தடமோ கிண்ணத்தின் மேல் மஞ்சள் படிவோ தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பேன்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வெளியான வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷன்தான். டேப்பும் சோக்கும் இராது, உயரத்துக்கு ஏற்ப அதுவே கலவையைத் திருத்திக்கொள்ளும். அவ்வகை வண்டி கிளம்பாவிட்டால் முதலில் சாவியைப் போட்டதும் டேங்குக்குள் பம்ப் இரண்டு மூன்று விநாடி 'ஊய்ங்' என்று ஒலிக்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். மீட்டரில் எஞ்சின் விளக்கு அணைகிறதா என்று பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், எஞ்சினை நிறுத்தக் கைப்பிடியில் உள்ள சிவப்பு கில் சுவிட்ச் ஆகியவற்றை உறுதிசெய்ய வேண்டும். கில் சுவிட்சை அறியாமல் தட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வருகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது உண்டு என்று மெக்கானிக் சொன்னார். அந்தப் பட்டியலில் என் பெயர் சேராதது எனக்குச் சிறு ஆறுதல்.

ஊசி மாற்றி ஆறு வாரம் ஆகிறது. பனி மூடிய காலைகளில் அரைச் சோக்கில் மூன்று உதை. ஒரு நிமிடம் ஓடவிட்டு சோக்கை எடுத்தால் நின்றுபோவதில்லை. முன்பு லிட்டருக்கு 42 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது மலைச்சாலையிலேயே 55 கொடுக்கிறது. டேங்கை நிறைத்துக்கொண்டு இருபது வளைவையும் மூன்று முறை ஏறிப் பார்த்துவிட்டேன். டேப்பை இரவில் மூடத் தேவையில்லை என்று மெக்கானிக் சொல்லியும் நான் மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால், காலையில் அதைத் திறக்க மறந்து, தோட்டத்து வாயிலுக்கு முந்தைய ஏற்றத்தில் இரண்டு முறை வண்டி நின்றுவிட்டது. சோக் லீவர் இன்னும் தளர்வாகத்தான் இருக்கிறது, குலுங்கினால் தானாகவே கீழே இறங்கிவிடுகிறது. அதற்குப் புதுக் கேபிள் சேலத்திலிருந்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.